லைட்டை முதல்ல அணைங்க! மீன்தொட்டி கேள்வி பதில்

போன இதழ்ல "தொட்டியில பாசித் தொல்லை இருக்கா, எழுதுங்க"ன்னு கடைசியில ஒரே ஒரு வரி போட்டேன், அவ்ளோதான், வந்து குவிஞ்சிருச்சு. பாட்டில் பாட்டிலா மருந்து ஊத்துனவங்க, தொட்டிய மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போய் வெயில்ல காயவெச்சவங்க, பாசி திங்கும்னு வாங்குன மீன் மத்த மீனை உறிஞ்சிருச்சுன்னு அழுதவங்கன்னு பெரிய கூட்டமே இருக்கு. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, ஒரே மாதிரி வந்த கேள்விகள்ல ஒவ்வொண்ண மட்டும் எடுத்துக்கிட்டேன். நன்னீர் தொட்டி மட்டும்தான், கடல்மீன் வளர்க்குறவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, ஹால்ல ஜன்னலோரமா ரெண்டடி தொட்டி, பையன் பிறந்தநாளுக்கு வாங்குனது, நாலு கோல்டுஃபிஷ் இருக்கு. தண்ணி பச்சப்பயறு வேகவெச்ச தண்ணி மாதிரி ஆயிடுது, உள்ள மீன் இருக்கா இல்லையான்னே தெரியல. மூணு நாளைக்கு ஒருதடவ முழுத் தண்ணியையும் எடுத்துட்டு போர் தண்ணி ஊத்துறேன், ஸ்பாஞ்ச், கூழாங்கல்லு எல்லாத்தையும் பைப்படியில போட்டுத் தேய்க்கிறேன். ரெண்டே நாள்ல மறுபடி பச்சை. படிகாரம் போட்டா தெளியும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, போடலாமா?
இடுப்பு போன அம்மா, திருச்சி

பதில்: அம்மா, முதல்ல அந்தக் கழுவுறத நிறுத்துங்க, உங்க இடுப்புக்கும் நல்லது மீனுக்கும் நல்லது. நீங்க பாக்குற பச்சை அழுக்கு இல்ல, தண்ணியில மிதக்குற ஒத்தச் செல் பாசி, கோடிக்கணக்குல இருக்கும். தண்ணிய முழுசா எடுத்தாலும் கண்ணாடி ஓரத்துல, கல்லிடுக்குல, மீன் மேலயே கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது ஒரு நாளுக்குள்ளயே ரெண்டு மடங்கு ஆகக்கூடிய ஜாதி, அப்புறம் நாலு, எட்டுன்னு போனா மூணாம் நாள் என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இதுல இன்னொரு கூத்து என்னன்னா ஸ்பாஞ்சையும் கல்லையும் நீங்க தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறப்ப அதுல குடியிருந்த நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாக்கடைக்குப் போயிடுது. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ நைட்ரைட்டாக்கி, அத நைட்ரேட்டாக்குறது அதுங்க வேலை, ஆள் இல்லைன்னா அம்மோனியா அப்படியே தண்ணியில நிக்கும். மீனுக்கு விஷம், பாசிக்கு அது பிரியாணி. ஆக நீங்க கழுவக் கழுவ பாசிக்குப் பந்தி போட்டுக்கிட்டே இருக்கீங்க. ஸ்பாஞ்சை இனிமே ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருதடவ, தொட்டியிலேர்ந்து எடுத்த தண்ணியிலயே ரெண்டு புழி புழிஞ்சு போடுங்க, போதும். அழுக்காத் தெரிஞ்சா தெரியட்டும்.

அடுத்தது ஜன்னல். காலையில ரெண்டு மணி நேரம் நேர் வெயில் கண்ணாடியில அடிச்சாலே போதும், அப்புறம் நீங்க லைட்டு போடவே வேண்டாம், பாசிக்கு எல்லாம் கிடைச்சிருச்சு. தொட்டிய உள்பக்க செவுத்துக்கு மாத்துங்க. ஆனா தண்ணியோட தூக்கிடாதீங்க, ரெண்டடி நீளம் ஒரடி அகலம் ஒரடி உயரம்னா சுமாரா 57 லிட்டர், அதாவது தண்ணி மட்டுமே 57 கிலோ, கல்லு வேற இருக்கு. தூக்குனா கண்ணாடிய ஒட்டியிருக்குற சிலிகோன் பசை விட்டுரும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால்ல மீன் துள்ளும். முக்கால்வாசி தண்ணிய வாளியில எடுத்து, மீனையும் வாளிக்கு மாத்தி, அப்புறம் ரெண்டு பேரா அடியில கை குடுத்துத் தூக்குங்க.

இப்ப இருக்குற பச்சையப் போக்க காசில்லாத வைத்தியம் இருட்டுதான். பாதித் தண்ணிய மாத்திட்டு லைட்டை அணைச்சு, தடியான போர்வை ரெண்டு போட்டு நாலு பக்கமும் மேலயும் மூடிருங்க, நாலு நாள். நாலு நாளும் ஏர் பம்ப் ஓடணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா பாசி சாகுறப்ப தண்ணியில இருக்குற ஆக்சிஜன் குறையும், பம்ப் இல்லைன்னா மீன் மேல வந்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். காத்து போக ஓரத்துல கொஞ்சம் இடம் விடுங்க, வெளிச்சம் போகாத மாதிரி. தீனி வேண்டாம், நல்லாருக்குற பெரிய மீனு நாலு நாள் பட்டினி தாங்கும். நான் முதமுதல்ல இத செஞ்சப்ப ஏன் வேலைக்கு ஆகலன்னு ஒரு வாரம் மண்டைய ஒடைச்சுக்கிட்டேன், கடைசியில பாத்தா என் பொண்ணு தெனமும் ராத்திரி போர்வைய ஒரு மூலையில தூக்கி டார்ச் அடிச்சு மீனுக்கு குட்நைட் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா. உங்க பையன்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருங்க. அஞ்சாம் நாள் திறந்து பாதித் தண்ணிய மாத்துங்க, செத்த பாசி அங்கயே கிடந்து அழுகக்கூடாது.

படிகாரம் வேண்டாம். தண்ணி தெளியுறது நெசம்தான், மிதக்குறது எல்லாம் திரண்டு அடியில உக்காந்துரும், ஆனா தண்ணியோட பிஎச் (அமில, கார அளவு) இறங்கும், எவ்ளோ போட்டா எவ்ளோ இறங்கும்னு நம்ம வீட்டுல அளந்து போட முடியாது. காசு செலவு பண்ண மனசிருந்தா யூவி (புற ஊதா ஒளி) ஃபில்டர் வாங்குங்க, பச்சைத் தண்ணிக்கு அது நல்லாவே வேலை செய்யும், கண்ணாடியில ஒட்டுற பாசிய மட்டும் ஒண்ணும் பண்ணாது.

கடைசியா ரெண்டு விஷயம். போர் தண்ணியவே ஒரு நைட்ரேட் ஸ்ட்ரிப் வெச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பக்கத்துல வயல், தோட்டம் இருந்தா உரம் இறங்கி நிலத்தடித் தண்ணியிலயே நைட்ரேட் இருக்கலாம், அப்படின்னா நீங்க மாத்துற தண்ணியே பாசிக்கு உரம்தான். அதுக்கு ஒரு சுலபமான வழி மணி பிளான்ட். நாலஞ்சு கொடிய வெட்டி தொட்டி விளிம்புல மாட்டி வேர் மட்டும் தண்ணிக்குள்ள, இலை வெளிய இருக்குற மாதிரி விடுங்க, வேர் விட்டுப் பிடிச்சிருச்சுன்னா நைட்ரேட்ட சப்புன்னு உறிஞ்சும். ரெண்டாவது, ரெண்டடி தொட்டியில நாலு கோல்டுஃபிஷ் ரொம்ப அதிகம்மா. அது சாப்புடுறதும் ஜாஸ்தி போறதும் ஜாஸ்தி. ரெண்டு மீனை பெரிய தொட்டி வெச்சிருக்குற யாருக்காவது குடுத்துருங்க.

கேள்வி: தொட்டி வெச்சு மூணு வாரம்தான் ஆகுது சார், கண்ணாடி, கல்லு, செடி எல்லாத்து மேலயும் காபித்தூள் தூவுன மாதிரி பழுப்பா படியுது. விரலால தொட்டா வந்துருது, மறுநாள் மறுபடி. ஏதோ தப்பு பண்ணிட்டேனா?
புதுத்தொட்டிக்காரன், சேலம்

பதில்: ஒரு தப்பும் இல்ல தம்பி. அது டயட்டம், புதுத் தொட்டிக்கு அம்மை போடுற மாதிரி. தண்ணியிலயும் புது மணல்லயும் இருக்குற சிலிக்காவ எடுத்து தனக்கு ஓடு கட்டிக்கிற பாசி அது, சிலிக்கா தீந்து ஃபில்டர் செட்டாகி செடியும் வேர் பிடிச்சா, ஒண்ணு ரெண்டு மாசத்துல தானாப் போயிடும். அதுவரைக்கும் வாரம் ஒருதடவ பழைய ஏடிஎம் கார்டால வழிச்சு விட்டு கால்வாசித் தண்ணி மாத்துங்க. மருந்து கிருந்துன்னு எவனாவது குடுத்தா வாங்காதீங்க. நத்தை விட்டா இத விரும்பித் தின்னும், நெரைட் நத்தை கிடைச்சா நல்லது, ஒரே வம்பு அது கண்ணாடி, கட்டை மேலல்லாம் எள்ளு தூவுன மாதிரி வெள்ளை முட்டை வெச்சிட்டே போகும், நன்னீர்ல அது குஞ்சாகிப் பெருகாது, ஆனா சுரண்டுறதுக்குள்ள நகம் போயிடும்.

கேள்வி: ப்ரோ, கடையில "டேங்க் கிளீனர்"னு சொல்லி ஒரு மீன் குடுத்தாங்க, விரல் நீளம் இருந்துச்சு, அம்பது ரூபாதான். ரெண்டு வருஷத்துல ஒரடிக்கு வளந்துருச்சு. பாசிய மோந்து கூடப் பாக்குறதில்ல, மத்த மீனுக்குப் போடுற பெல்லட்டத்தான் தின்னுது, செடியெல்லாம் புடுங்கிப் போடுது, ராத்திரி ஆனா தொட்டியில புல்டோசர் ஓடுற மாதிரி சத்தம். வைகையில கொண்டு போய் விட்டுறலாமான்னு பாக்குறேன். பாவம்ல, கொல்ல மனசு வரல.
மதுரைக்காரன்

பதில்: விடாத தம்பி. வைகையில மட்டும் இல்ல, கண்மாய், ஊருணி, கோயில் தெப்பம், வாய்க்கால் எங்கயும் விடாத.

இது உன் மேல தப்பு இல்ல, கடைக்காரர் அந்த மீனு எவ்ளோ பெருசாகும்னு சொல்லியிருக்கணும். அது சக்கர் மீன், பிளெக்கோன்னும் சொல்வாங்க, தென் அமெரிக்கா ஆத்துல இருக்குற ஜாதி. ஒரடியோட நிக்காது, இன்னும் வளரும். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, முதுகுல மார்புல எல்லாம் முள்ளு, நம்ம ஊர்ல அத அடிச்சுத் தின்ன பெரிய எதிரி கிடையாது. உன்ன மாதிரி பாவம் பாத்தவங்க விட்டு விட்டுத்தான் தமிழ்நாட்டு ஏரி, ஆறுகள்ல அது இன்னைக்குப் பெருகிக் கிடக்கு. வலை போடுறவங்ககிட்ட கேட்டுப் பாரு, வலைய இழுத்தா கெண்டைக்குப் பதிலா இதுதான் வருதாம், முள்ளு மாட்டி வலை கிழிஞ்சு போகுதாம், சந்தையில வாங்கவும் ஆள் கிடையாது. கரையில வளை தோண்டி அதுக்குள்ள முட்டை போடும், கரை பொக்குன்னு போயிடும். ஒரு மீனுக்கு நீ பாக்குற பாவம் அங்க ஆயிரம் மீனுக்கு வினை.

அப்ப என்ன பண்றது? வாங்குன கடையிலயே திருப்பிக் குடு, காசு கேக்காத, சும்மாவே குடு, பெரும்பாலும் வாங்கிப்பாங்க. இல்லைன்னா பெரிய தொட்டி, சிமென்ட் தொட்டி வெச்சிருக்குறவங்ககிட்ட கேளு. எங்க சென்னையில கொளத்தூர் பக்கம் போனா தெருவுக்குத் தெரு மீன் கடையும் பண்ணையுமா இருக்கும், பெரிய மீன எடுத்துக்குற ஆளு அங்க எப்படியும் சிக்குவாங்க. மதுரையிலயும் ரெண்டு மூணு கடை ஏறி இறங்கு.

இனிமே பாசிக்குன்னு மீன் வாங்குறதா இருந்தா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ, எந்த மீனும் உன் தொட்டிய "கிளீன்" பண்ணாது, தின்னதக் கழிவாப் போடும், அது மறுபடி பாசிக்குத்தான் போகும். பாசி கொஞ்சமா இருக்குறப்ப அளவாக் கட்டுப்படுத்தி வைக்கும், அவ்ளோதான். கடையில "ஆல்கே ஈட்டர்"னு ஒரே பேர்ல மூணு மீனை விப்பாங்க. சைனீஸ்னு சொல்றது வாய் உறிஞ்சுற மாதிரி வட்டமா இருக்கும், கண்ணாடியில ஒட்டும், சின்னதுல நல்ல பிள்ளை, வளந்தா சண்டியர், மத்த மீன் மேல ஒட்டி வழவழப்ப உறிஞ்ச ஆரம்பிச்சிரும். முன்னாடி சொன்னேனே ஒருத்தர் அழுதார்னு, அது இதுதான். சயாமீஸ்தான் நல்ல வேலைக்காரன், உடம்புல ஓடுற கறுப்புக் கோடு வால் நுனி வரைக்கும் போகும், கோடு வால் ஆரம்பத்துலயே நின்னுட்டா அது வேற. கறுப்புக் கோட்டுக்கு மேல தங்கக் கலர்ல தெளிவா இன்னொரு கோடு இருந்தா ஃபிளையிங் ஃபாக்ஸ், அதுவும் பெருசானா முரடு. ஆனா சயாமீஸும் ஆறு இஞ்ச் வரும், மூணடிக்குக் கீழ தொட்டி இருக்குறவங்க ஆசைப்படாதீங்க. சின்னத் தொட்டிக்கு செர்ரி இறால் பத்து, நத்தை ரெண்டு. அதோட நிறுத்திக்கோ.

கேள்வி: செடித்தொட்டி வெச்சிருக்கேன் சார், செடிக்கு சிஓடூ (கார்பன் டை ஆக்ஸைடு) சிலிண்டர், நல்ல எல்இடி, மண், உரம் எல்லாம் இருக்கு, தண்ணி சிறுவாணி. ஆனா அனுபியாஸ் செடியோட இலை ஓரத்துலயும் ஃபில்டர் வாயிலயும் கறுப்பா தாடி மாதிரி முளைக்குது. சுரண்டுனா வரல, இலையே கிழியுது. மூணு விதமான பாசி மருந்து ஊத்திட்டேன்.
தாடி வெச்சவன், கோயம்புத்தூர்

பதில்: எனக்கு வந்ததுலயே பொழுது போற கேள்வி இது, ஏன்னா பாசியிலயே கல்லுளிமங்கன் இந்தத் தாடிதான். பேருக்குத்தான் கறுப்பு, உண்மையில இது சிவப்புப் பாசிக் குடும்பம். நம்பலைன்னா கொஞ்சம் பிச்சு எடுத்து மெடிக்கல்ல விக்குற ஸ்பிரிட்ல போட்டு வைங்க, பச்சை கரைஞ்சு போய் செவசெவன்னு நிக்கும்.

உங்ககிட்ட இல்லாதது பொருள் இல்ல, நிதானம். தாடிப் பாசிக்குப் பிடிச்சது சிஓடூ ஏறி இறங்குறது. இன்னைக்கு நல்லா இருக்கு, நாளைக்குக் கம்மி, மத்தியானம் கரண்ட் போயி சிஓடூவத் திறந்து மூடுற சோலனாய்டு வால்வு மூடிக்கிச்சு, சாயங்காலம் வந்துச்சு, இப்படி ஆடுனா செடி திணறும், தாடி கொண்டாடும். லைட்டு எரியறதுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னாடியே சிஓடூ திறக்கணும், லைட்டு போட்டப்புறம் திறக்குறவங்கதான் பாதிப் பேரு. தண்ணியில சிஓடூ எவ்ளோன்னு கலர்ல காட்டுற குட்டிக் குப்பி, அதான் டிராப் செக்கர், நாள் பூரா இளம்பச்சையில நிக்கணும், அது சுமாரா 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்). நீலம்னா பத்தல, மஞ்சள்னா மீன் மயங்கும். இங்க உங்க ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, சிறுவாணித் தண்ணி குடிக்க அவ்ளோ ருசியா இருக்குறதுக்குக் காரணம் அது உப்பு ரொம்பக் கம்மியான சாஃப்ட் தண்ணி, அத டிராப் செக்கருக்குள்ள ஊத்தி அளந்தா கலர் பொய் சொல்லும். அதுக்குன்னு காரத்தன்மை அளந்து வெச்ச 4 டிகேஎச் கரைசல் விக்குது, அதத்தான் ஊத்தணும். நீங்க எத ஊத்தியிருக்கீங்கன்னு எழுதல, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

இப்ப இருக்குறத எடுக்க வழி ஹைட்ரஜன் பெராக்ஸைடு, புண்ணு கழுவ மெடிக்கல்ல விக்குறதுதான். நம்ம ஊர் பாட்டில்ல பெரும்பாலும் 6 சதவீதம் இருக்கும், லேபிளப் படிங்க, வெளிநாட்டு ஆளுங்க சொல்ற அளவெல்லாம் 3 சதவீதத்துக்கு. அதனால பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணி கலந்து 3 ஆக்கிக்கோங்க. இலையில, கல்லுல இருக்குறத வெளிய எடுக்க முடிஞ்சா எடுத்து, தாடி மேல சொட்டு சொட்டா விட்டு மூணு நாலு நிமிஷம் வெச்சிட்டு அலசி உள்ள போடுங்க. எடுக்க முடியாத இடம்னா ஃபில்டர ஆஃப் பண்ணிட்டு ஊசி இல்லாத சிரிஞ்சால தாடி மேலயே மெதுவா விடுங்க, பத்து நிமிஷம் கழிச்சு ஃபில்டர் ஆன். மொத்த அளவு நாலு லிட்டர் தண்ணிக்கு 1 மில்லி, அதத் தாண்டாதீங்க. விட்ட உடனே குட்டி குட்டி முத்தா நுரைச்சுக்கிட்டு மேல ஏறும் பாருங்க, அத உக்காந்து பாக்குறதே ஒரு சுகம். ரெண்டு மூணு நாள்ல தாடி ரோஸ் கலராகும், அப்புறம் வெள்ளை. ரோஸ் ஆனா ஆள் காலி, இறாலும் மீனும் வந்து மேய்ஞ்சுரும், உசுரோட இருக்குறப்ப சீண்டாததுங்க செத்தா ருசியாத் திங்கும். மாஸ், வாலிஸ்நேரியா மாதிரி மெல்லிசான செடி மேல விடாதீங்க, கருகிரும். கண்ணுல கையில படாமப் பாத்துக்கோங்க.

மோசமாப் போன இலைய கத்தரிச்சு எறிஞ்சிருங்க, அனுபியாஸ் மெதுவா வளருற செடி, அதான் அதுல தாடி குந்திக்கிது, லைட்டுக்கு நேர் கீழ இருந்தா ஒரு கட்டை நெழலுக்கு மாத்துங்க. அந்த மூணு பாட்டிலையும் இத்தோட மூடி வைங்க, மூணையும் கலந்து ஊத்துனா பாசிக்கு முன்னாடி மீன் போயிடும்.

கேள்வி: மில்லுல பகல் ஷிஃப்ட், வீட்டுக்கு வரவே ராத்திரி எட்டரை ஆயிடுது. நான் பாக்கணும்ல, அதனால காலையில போட்ட லைட்டு நான் தூங்குற வரைக்கும் எரியுது. கண்ணாடியில பச்சைப் புள்ளி, துடைச்சாப் போகல.
திருப்பூர் வாசகர்

பதில்: காலை ஏழுலேர்ந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும்னா பதினாறு மணி நேரம், சூரியனே அவ்ளோ நேரம் வேலை பாக்குறதில்ல சார். ப்ளக் டைமர் ஒண்ணு வாங்குங்க, எலக்ட்ரிக்கல் கடையில கிடைக்கும், கீசருக்குப் போடுறதுதான். சாயங்காலம் நாலரைக்கு ஆன், பதினொண்ணரைக்கு ஆஃப், ஏழு மணி நேரம். மீனுக்குக் காலையில லைட்டு வேணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, ரூம்ல இருக்குற வெளிச்சமே போதும், நீங்க வந்து உக்காருறப்ப தொட்டி பளிச்சுன்னு இருக்கும். ஒட்டியிருக்குற புள்ளிய பிளேடால சாய்வா வெச்சுச் சுரண்டுங்க, கண்ணாடித் தொட்டின்னா மட்டும். அக்ரிலிக் தொட்டியில நான் ஒருதடவ பிளேடு போட்டேன், அந்தக் கீறல் இன்னைக்கும் மீனுக்குப் பின்னாடி மின்னல் வெட்டுன மாதிரி தெரியுது.

கேள்வி: ஐயா, எங்க தாத்தா வயலுக்கு வாங்குன மயில்துத்தம் வீட்டுல இருக்கு. பாசிக்கு நல்ல மருந்துன்னு சொல்றார். ஒரு சிட்டிகை தொட்டியில போடலாமா? உள்ள நத்தையும் இறாலும் இருக்கு.
ஒன்பதாம் வகுப்பு, தஞ்சாவூர்

பதில்: செய்யுறதுக்கு முன்னாடி கேட்டியே, அதுக்கே உனக்கு ஒரு ஷொட்டு. போடாத கண்ணு. தாத்தா சொல்றது வயலுக்கும் பெரிய குளத்துக்கும் சரி, மயில்துத்தத்துல இருக்குற தாமிரம் பாசியக் கொல்லும்ங்கிறது உண்மை. ஆனா அதே தாமிரம் நத்தை, இறாலுக்கு எமன், நத்தைய ஒழிக்கவே அத வாங்கிப் போடுறவங்க இருக்காங்க. பெரிய குளத்துல போடுறவங்க தண்ணியோட காரத்தன்மைய அளந்து கணக்குப் போட்டுத்தான் போடுவாங்க, சாஃப்ட் தண்ணியில கொஞ்சம் கூடுனாலும் மீனே போயிடும். ஒரு சிட்டிகைங்கிறது வயலுக்கு ஒண்ணுமில்ல, உன் தொட்டிக்கு அது பெரிய அளவு. போட்டப்புறம் கல்லுல மணல்லல்லாம் படிஞ்சு நிக்கும், அடுத்த மாசம் புது இறால் வாங்கி விட்டாலும் சாகும், ஏன்னு உனக்குப் புரியவே புரியாது. தாத்தாவுக்கு வேற வேலை குடு, ஒரு பழைய டூத்பிரஷ் குடுத்து நூல் பாசிய சுத்தி எடுக்கச் சொல்லு, தட்டுல நூடுல்ஸ போர்க்ல சுத்துற மாதிரி பிரஷ்ஷ திருகிக்கிட்டே இழுத்தா கொத்தா வரும். பெரியவங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி, நல்லா எடுப்பாங்க.

கேள்வி: அடியில மணல் மேல நீலப்பச்சையா போர்வை மாதிரி படியுது, இழுத்தா ஷீட்டா உரிஞ்சு வருது, ஆனா நாத்தம் தாங்கல. எரித்ரோமைசின் மாத்திரை பொடி பண்ணிப் போடச் சொல்றாங்க.
நாகர்கோவில் வாசகி

பதில்: அந்த நாத்தத்த வெச்சே சொல்லிரலாம்மா, பாழுங்கிணத்து மூடியத் திறந்தா அடிக்குமே, அந்த வாசனை. அது பாசியே இல்ல, சயனோபாக்டீரியா, ஒளிய வெச்சு சமைக்கத் தெரிஞ்ச பாக்டீரியா. சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கே ஆக்சிஜன் குடுத்த பரம்பரை, உங்க தொட்டியில நாத்தம் குடுத்துக்கிட்டு இருக்கு.

பாக்டீரியாங்கிறதால மாத்திரை போட்டா போகும், அதுதான் ஆசை காட்டும். ஆனா அது ஆன்டிபயாடிக், ஃபில்டர்ல இருக்குற நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கலாம், அப்புறம் அந்தத் தண்ணிய எங்க ஊத்துவீங்க, சாக்கடையிலதான, அங்க இருக்குற கிருமியெல்லாம் மருந்துக்குப் பழகிக்கும். மனுசனுக்கு வேணுங்கிற மருந்த மணலுக்குப் போட வேண்டாம். டியூப வெச்சு அந்த ஷீட்ட உறிஞ்சி எடுங்க, மணலையும் லேசாக் கிளறி அடியில தங்குன தீனிக் குப்பைய எடுங்க. அப்புறம் தண்ணி ஓட்டத்தப் பாருங்க, பெரும்பாலும் ஃபில்டர் தண்ணி போகாத மூலையிலதான் இது உக்காரும், ஃபில்டர் வாயைத் திருப்பி விட்டாலே பாதி குறையும். திருச்சி அம்மாவுக்குச் சொன்ன நாலு நாள் இருட்டு வைத்தியம் இதுக்கும் பொருந்தும், ஏர் பம்ப் மறக்காம. தீனிய இனிமே ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு மட்டும் போடுங்க. வீட்டுல யாரு யாரு தீனி போடுறாங்கன்னு ஒரு நாள் கவனிங்க, எங்க வீட்டுல நான் காலையில, அவங்க மத்தியானம், பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து, மாமியார் சாயங்காலம்னு நாலு பேரு தனித்தனியாப் போட்டுக்கிட்டு இருந்தோம், ஆளாளுக்கு "பாவம் பசிக்கும்"னு.

கேள்வி: புதுசா போட்ட டிரிஃப்ட்வுட் கட்டை மேல வெள்ளையா சளி மாதிரி.
பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: பாசி இல்ல, கட்டையில இருக்குற சத்தைத் திங்க வந்த பூஞ்சையும் பாக்டீரியாவும். தொந்தரவு கிடையாது, ரெண்டு மூணு வாரத்துல போயிடும், இறால் இருந்தா இன்னும் சீக்கிரம்.

கேள்வி: அங்கிள், எல்லாப் பாசியும் கெட்டதா? எங்க கப்பி குட்டி போட்டிருக்கு, குட்டியெல்லாம் எப்பவும் பின்பக்கக் கண்ணாடியில இருக்குற பச்சையையே கொத்திக்கிட்டு இருக்கு. அம்மா ஞாயித்துக்கிழமை எல்லாக் கண்ணாடியையும் தேய்க்கப் போறேன்னு சொல்றாங்க.
ஆறாம் வகுப்பு, கடலூர்

பதில்: சரியாக் கவனிச்சிருக்கடா தங்கம். கெட்டது இல்ல. அந்தப் பச்சையில கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் இருக்கும், குட்டிங்களுக்கு நாள் பூரா நொறுக்குத்தீனி அதுதான். சிமென்ட் தொட்டியில மீன் வளர்க்குறவங்க பச்சைத் தண்ணிய வேணும்னே வெச்சிருப்பாங்க, ஜப்பான்ல கோல்டுஃபிஷ் வளர்க்குறவங்களும் அப்படித்தான். அம்மாகிட்ட இந்தப் பக்கத்தக் காட்டு, முன்பக்கக் கண்ணாடிய மட்டும் தேய்க்கட்டும், பின்பக்கம் குட்டிங்களுக்குன்னு நான் சொன்னேன்னு சொல்லு. எத்தன குட்டின்னு எண்ணி எழுது.